லோரி பேட்டரியில் பதிந்த பதில்

என்னைக் கோபக்காரன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பதினேழு வருஷம் ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டியவனுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? ஆனால் நான் செய்த பாவம் கோபத்தில் செய்ததல்ல. பயத்தில் செய்தது. அதை நினைத்தால்தான் இன்றும் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

1979இல் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்ட் கிடையாது. தோட்டத்திலேயே முதலில் டேப் ரெக்கார்டர் வாங்கியவன் நான். நான்கு கட்டை பேட்டரி போட வேண்டும். மூன்று நாளில் தீர்ந்துவிடும். யாரால் ஆகும்? என் லோரியின் பேட்டரியில் ஆறு அறை உண்டு. மூன்றாவது அறையோடு நிறுத்தி, மேலே ஓடும் ஈயப் பட்டையில் ஓர் ஆணியைக் குத்தி ஒயர் இழுத்தால் ரெக்கார்டருக்கு அளவான கரண்ட் வந்துவிடும். இந்த வித்தையை நானே கண்டுபிடித்தேன் என்ற திமிரும் இருந்தது. சாயங்காலம் லோரியை நிறுத்தினால் போதும், பாட்டுக் கேட்கக் கூட்டம் சேர்ந்துவிடும். கேட்டுக் கேட்டு அந்த மூன்று அறையும் சக்கையாகிக்கொண்டே வந்தன.

ஒருநாள் காலையில் லோரி கிளம்பவில்லை. கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி வந்து, நாலு பேர் முன்னால் என்னைக் கிழிகிழியென்று கிழித்தார்.

"பேட்டரிய ஏத்தறேன்னு சும்மா நிக்கிற லோரியில எஞ்சின ஓட்டிக்கிட்டு இருந்தீன்னா, ஒன் வேல போச்சு, தெரிஞ்சுக்க!"

அன்றிலிருந்து டீசல் தொட்டியில் குச்சி விட்டு அளக்கத் தொடங்கினார் அந்த மனுஷன்.

அந்த வாரம் பார்த்துத்தானா கருப்பம்மாள் கேசட்டோடு வரவேண்டும்!

அவள் அடுத்த வீட்டுக்காரி, ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் மரம் வெட்டுக்காரி. புருஷன் பிச்சைமுத்து பிரஜை அல்லாத சிவப்புக் கார்டுக்காரன். 1970இல் வேலைப் பெர்மிட் கொடுக்க மாட்டோம் என்றதும் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டான். இவள் இங்கே பிறந்தவள், பிரஜைக்கான நீலக் கார்டு. இடுப்பில் இரண்டு வயது மகளோடு நின்று வழியனுப்பினாள். இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்றவன் ஒன்பது வருஷமாக வரவில்லை. இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அடுத்தவர் கையால் எழுதி அடுத்தவர் வாயால் படிக்கும் கடிதத்தில் என்னத்தைப் பேசுவது?

ஈப்போவில் ஒரு கடையில் பங்கு வைத்திருந்த தேனப்பன் செட்டியாருக்குப் பிச்சைமுத்துவின் பக்கத்து ஊர். அவர்தான் பிச்சைமுத்து பேசி அனுப்பிய கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"நாளைக்கு நான் ஊருக்குக் கெளம்புறேன் ஆத்தா. மறுபக்கத்துல பேசிக் குடு. கடையில தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி மூன்று இருக்கும். லோரிப் படியில் ரெக்கார்டரை வைத்து ஒயரை மாட்டினேன். பிச்சைமுத்துவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"கருப்பு... எங்கக்கா மகளக் கட்டிக்கச் சொல்லி உசுர வாங்குறாக. நீ வான்னு ஒரு வார்த்த சொன்னா, காணிய வித்தாவது வந்துர்றேன். யாரு கையாலயும் எழுதாத. யாருகிட்டயும் சொல்லியனுப்பாத. ஒன் வாயால சொல்லு."

கருப்பம்மாள் அழவில்லை. முகத்தைச் சுளித்தாள்.

"என்னண்ணே, இப்புடி இழுத்து இழுத்துப் பேசறாரு? ஒடம்பு முடியலையா?"

"ஒம்பது வருசம் ஆச்சுலா. கொரலு தடிச்சிருக்கும்."

எனக்குத் தெரியாதா? பேட்டரி இறங்கினால் கேசட் மெதுவாகச் சுற்றும், குரல் இழுக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டால் சரியாகிவிடும். அவளே கேட்டாள்: "எஞ்சின ஸ்டார்ட் பண்ணலாமாண்ணே?"

"வேணாம்லா. சத்தம் விழும். நீ பேசறது கேக்காது."

பொய். ஒயரை நீட்டினால் அவள் வாசலில் உட்கார்ந்தே பேசியிருக்கலாம். கிராணியின் குச்சிதான் என் கண்முன் நின்றது.

பித்தானை அமுக்கிக் கொடுத்துவிட்டு லோரிக்குப் பின்னால் போய் நின்றேன். காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

"வாங்க. நான் யாரையும் பாக்கல. ஒங்க மவ ஒங்களையே உரிச்சு வெச்சிருக்கா. காணிய விக்கவேணாம், கப்பல் காசு நான் சேத்து வெச்சிருக்கேன். வந்துருங்க. கேக்குதா? வந்துருங்க..."

பின்னுக்குச் சுற்றிப் போட்டுக் கேட்டோம். அவள் குரல் அச்சு அசலாக இருந்தது.

"பாத்தியா, ஜோரா விழுந்திருக்கு" என்றேன், பெருமையாக. அட முட்டாளே! மெதுவாகச் சுற்றும்போது பதிந்தது, மெதுவாகச் சுற்றும்போது சரியாகத்தானே கேட்கும்? நல்ல கரண்டில் போட்டால் என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. உறைக்க விடவில்லை என்பதுதான் நிஜம்.

மறுவருஷம் செட்டியார் திரும்பி வந்தார். ஈப்போவில் அவர் கடைக்குப் போய் விசாரித்தேன்.

"அத ஏன் கேக்குறீக சன்னாசி! டவுன்ல ரேடியோ கடையில போட்டுக் கேட்டோம். அணிலு கத்துனாப்புல கீச்கீச்சுன்னு ஒரே ஓட்டமா ஓடுது, ஒரு வார்த்த வெளங்கல. புள்ளைகள விட்டுக் கேலி பண்ணியிருக்கான்னு கடையில எல்லாரும் சிரிச்சுப்புட்டாக. அவன் எந்திரிச்சுப் போயிட்டான். தையில அக்கா மகளக் கட்டியாச்சு."

வீடு வரும்வரைக்கும், உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் வந்தேன், சத்தியமாக. கருப்பம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். கல்யாணச் செய்தியைச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் பேசுனத அவரு கேட்டாரா?"

"கேட்டாருலா" என்றேன்.

ஒரே வார்த்தை. எத்தனை சுலபமாக வந்துவிட்டது! உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு அந்தப் பெயரையே அவள் எடுக்கவில்லை. 1984இல் பிச்சைமுத்து செத்துப்போனதாகக் கடிதம் வந்தது. படித்துச் சொன்னவன் நான். "சரி" என்றாள். துக்கத்துக்குத் தலைகூட முழுகாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் வெட்டப் போய்விட்டாள். அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை.

தோட்டம் கைமாறியதும் எல்லோரும் சிதறினோம். நான் ஈப்போவில் பஸ் ஓட்டினேன். அவள் பக்கத்து ஊரான லகாட்டில் ஒரு தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கினாள். போன வருஷம், 1988இல், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். பெண்ணின் தாய் பெயர் இருந்தது. தகப்பன் பெயரைக் காணோம்.

"பிச்சைமுத்து பேரு போடலையா?"

"கெஞ்சிக் கேட்டும் வராத மனுசன் பேரு எதுக்குண்ணே எம்மவ பத்திரிகையில?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பேட்டரி, கிராணி, செட்டியார் சொன்னது, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள், காறித் துப்புவாள், விளக்குமாற்றை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுத்திருந்தால் நன்றாயிருக்கும்.

என் கையிலிருந்த பத்திரிகையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அப்ப... அவரு கேக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

"செத்த கடுதாசி வந்த அன்னைக்காவது சொல்லியிருக்கலாமேண்ணே."

எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கட்டியிருந்த சேலையோடு குந்தி, துக்கம் கேட்டவள் முழுகுவதுபோல வாளிவாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.