விசிறிக்கு அடியில்

சுற்றுக்கு ஒரு தரம் டக் என்று தட்டுகிற அந்த விசிறி என் தலைக்கு மேலேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது, கும்பகோணத்துச் சபா மேடையில், நான் போடும் எந்தத் தாளத்தோடும் சேராமல், அதை நிறுத்தச் சொல்லேண்டி என்று திரும்பிப் பல்லைக் கடிக்கிறேன், பின்னால் தம்புரா மீட்டிக்கொண்டிருக்கும் என் தங்கை கோமளவல்லி, இருக்கட்டும்க்கா, எனக்கு வேர்க்கறது என்கிறாள், அவள் நெற்றியில் குங்குமம் கரைந்து இறங்குவதை இன்றைக்கும் பார்க்கிறேன், குரலைத்தான் காணோம், மாடிப்படி இறங்கும்போதும் தூக்கம் வருமுன்னும் தேடுகிறேன், வாய் அசைகிறது, சத்தம் மட்டும் என் சத்தமாகவே வருகிறது, பாடிப் பிழைத்தவளுக்குக் கூடப்பிறந்தவளின் குரல் மறந்துபோவதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது.

அவள் பிள்ளை சாரநாதனுக்கு மறக்கக்கூட ஒன்றும் இல்லை, அவள் செத்துப்போனபோது அவன் கைக்குழந்தை, நான்தான் வளர்த்தேன், பெரியம்மா, அம்மா குரல் எப்படி இருக்கும் என்பான், ஏதோ சொல்லி மழுப்புவேன், ஒருநாள் தெரியாமல் வாயை விட்டேன், அந்தக் கும்பகோணம் கச்சேரியில சரணத்துல எனக்கு அடி மறந்துபோச்சு, உங்கம்மாதான் பின்னாலேர்ந்து எடுத்துக் குடுத்தா, கேசட்டுல இருக்கும், அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான், மேடையோரம் யாரோ வைத்த டேப் ரிக்கார்டரில் பதிந்தது அது, போட்டால் அந்த இடத்தில் வெறும் இரைச்சல், ஓர் இருமல், விசிறி, வேலைக்குப் போனதும் நல்ல பிளேயராக ஒன்று வாங்கினான், அதிலும் இரைச்சல், இப்போது கூடத்தில் என் தோளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நிற்கின்றன, இதிலும் இல்லையென்றால் அவள் எங்குமே இல்லை.

முதலில் ஸ்டுடியோவில் பாடியதைப் போட்டான், ஊரே கொண்டாடிய இசைத்தட்டு, என் உதடு பிரிவதுகூடக் கேட்கிறது, இரண்டு தடவை பாடியதை வெட்டி ஒட்டிய இடம் கேட்கிறது, அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, கழுவிவிட்ட தரை மாதிரி, அன்று ஒலிப்பதிவு செய்தவர், அம்மா, பின்னாடி இருக்கறவங்க கூடவே முனகறாங்க, மைக்ல விழுது, வெளியில உக்காரச் சொல்லுங்க என்று சொல்ல, கோமளம் சிரித்துக்கொண்டே எழுந்துபோகிறாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மடியில் தாளம் போடுகிறாள், சுருதிப்பெட்டி அவள் வேலையைப் பார்க்கிறது, அவள் இல்லாததைத்தான் இத்தனை வருஷம் சுத்தம் என்று நினைத்திருக்கிறேன், போதும்டா, கச்சேரியைப் போடு என்கிறேன், டக், டக், விசிறி வந்துவிட்டது, வெளியே பஸ் ஹாரன், பெரியம்மா, இந்த ஃபேன் சத்தத்தை மட்டும் எடுத்துடட்டுமா, முடியும் என்கிறான், சரணம் வரட்டும் இரு என்கிறேன், ஆனால் சரணத்துக்கு வெகு முன்னால், பல்லவியிலேயே, என் குரலுக்கு அடியில் இழையாக இன்னொரு குரல், தம்புராவை ஒட்டிக்கொண்டு, அரை மூச்சு பிந்தி, முனகிக்கொண்டே வருகிறது, ஒற்றை அடிக்காகக் காத்திருந்தேன், அவள் கச்சேரி முழுக்க இருக்கிறாள், சரணத்தில் நான் நின்றுபோகிறேன், அது நிற்கவில்லை, எனக்கு முன்னால் போகிறது, சற்றே கரகரத்து, அதைப் பிடித்துக்கொண்டு நான் மேலே ஏறுகிறேன், பெரியம்மா, அம்மாவா என்கிறான், ஆமாண்டா என்கிறேன், நன்னாப் பாடறாளே என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்கிறான், இன்னொரு தரம் போடுகிறான், இன்னொரு தரம், அப்புறம் ஞாபகம் வந்தவனாக, அந்த ஃபேனை எடுத்துடட்டுமா பெரியம்மா என்கிறான், வேண்டாம்டா, சுத்தட்டும், அவளுக்கு வேர்க்கும் என்கிறேன்.