கூரா, மொட்டையா

தேநீர்க் கோப்பை சுடுகிறது என்பதை ஈமன் ஹார்டிகன் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். வலக்கைப் பெருவிரலின் ஓரம் சிவந்து தோல் பளபளப்பதைக் கண்ட பிறகே கோப்பையைக் கீழே வைத்தான். வலிக்கவில்லை. எதிரே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த மனைவி ஓர்லா நிமிர்வதற்குள் கையை மேசைக்கடியில் இறக்கிக்கொண்டான்.

"இன்னிக்குத்தானே பேரு சொல்றாங்க?"

"ம்."

"வயித்தக் கலக்கல உனக்கு?"

"இல்ல."

அது பொய்யில்லை. கலங்குவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். சில வாரங்களாக அங்கே ஒன்றும் இல்லை. பனி இறங்கிய வயலைப்போல எல்லாம் ஒரே நிறமாய்க் கிடந்தது.

உள்நாட்டு லீக்கில் ஈமன் ஆடும் ரக்பி அணி அடுத்தடுத்துத் தோற்றுக்கொண்டிருந்தது. ஆனால் ஐரோப்பியக் கோப்பை என்று வந்துவிட்டால் அதே கால்களுக்கு வேறோர் உயிர் வந்துவிடும் என்பது லிமெரிக் நகரத்தின் நம்பிக்கை. இறைச்சிக் கடைக்காரர் முதல் பாதிரியார் வரை அதில் ஐயம் கொண்டவர் எவருமில்லை. நாளை காலிறுதி. பிரான்சிலிருந்து பெரிய அணி ஒன்று வந்து இறங்கியிருந்தது. ஈமன் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சிலேயே பல ஆண்டுகள் தேய்ந்தவன். ஐரோப்பியக் காலிறுதி ஒன்றை முதல் நிமிடத்திலிருந்து அவன் ஆடியதே கிடையாது. இந்தப் பருவத்தோடு ஒப்பந்தமும் முடிகிறது. இனி ஒன்று வராது.

அவன் வேலை இரண்டு. ஸ்க்ரம்மில் இரு அணியும் தலை கோத்துத் தள்ளும்போது முன்வரிசையின் நடுவில் நிற்பது ஒன்று. பந்து பக்கக்கோட்டைத் தாண்டிப் போனால், தோழர்கள் தூக்கிப் பிடிக்கும் நெட்டையனின் கைக்கு அதைக் குறி தவறாமல் எறிவது மற்றொன்று. சென்ற மாதம் ஒரு ஸ்க்ரம் சரிந்தபோது அத்தனை பேர் எடையும் அவன் கழுத்தில் இறங்கியது. தோளிலிருந்து விரல்நுனிவரை மின்சாரம் ஓடியதுபோல ஒரு வெட்டு. அதன்பின் பெருவிரலும் சுட்டுவிரலும் வேறு யாருடையவையோ ஆகிவிட்டன.

அணியின் இயன்முறை மருத்துவர் நீவ் சோதித்துப் பார்க்காமலில்லை. வீரனைக் கண்மூடச் சொல்லி, ஊக்கின் முனையாலும் வளைந்த பின்புறத்தாலும் விரலைத் தொட்டுத் தொட்டு, "கூரா, மொட்டையா?" என்று கேட்பாள். இரண்டு கூர், ஒரு மொட்டை, மறுபடி கூர், பிறகு இரண்டு மொட்டை. அவள் அறியாமலே அவள் கைக்குப் படிந்துபோன வரிசை அது. முன்வரிசைக்காரர் அனைவருக்கும் அது மனப்பாடம். உடைமாற்றும் அறையில் அவளைப்போலவே பேசிக் கேலி செய்வார்கள். ஈமன் கண்ணை மூடிக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒப்பித்தான். அவள் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அன்று காலையில் பயிற்சியாளர் கெத்தின் எல்லாரையும் உட்காரவைத்தார். வேல்ஸ்காரர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"ரூரி, இப்போதைக்கு உன் ஆட்டம் ஈமனோடதவிட நல்லாருக்கு. அத மறைக்க மாட்டேன். ஆனா பிரான்ஸ்காரன் மொதல்ல உன் தலைக்குள்ளதான் பூருவான். ஈமன் மூஞ்சியப் பாருங்கப்பா. ஐஸ்கட்டி. உள்ள பூர எடமே இல்ல. அவன்தான் ஆடறான்."

எல்லாரும் சிரித்தார்கள். இடத்தை இழந்தவனே சட்டையை மடித்துக் கொண்டுவந்து ஆடப்போகிறவன் தோளில் போடுவது அந்த அணியின் வழக்கம். அதுவரை அந்த இடத்தில் ஆடிவந்த ரூரி, அதற்குரிய இரண்டாம் எண் சட்டையை ஈமனின் தோளில் போட்டான். அவன் கண்ணோரம் சிவந்திருந்தது.

"கிழவா, கிழிச்சுடாத. அடுத்த வாரம் எனக்கு வேணும்."

ஈமன் சட்டையைத் தடவிப் பார்த்தான். விரல்கள் நகர்வது தெரிந்தது, துணி தெரியவில்லை.

ஒத்திகைக்காக மைதானத்துக்குப் போகும் பேருந்தில் ஃபின்டன் கதை சொல்லத் தொடங்கினான். ஈமன் எறியும் பந்தை எம்பிப் பிடிக்கும் நெட்டையன் அவன்தான்.

"எங்க ஊர்ப் பக்கம் ஒரு கழுதை இருந்துச்சு. தெனமும் பால் பண்ணைக்கு வண்டி இழுக்கும். எப்பவோ அதுக்குக் கண்ணு போயிடுச்சு. யாருக்கும் தெரியாது. வழி பழகினதால அது பாட்டுக்குப் போகும், வரும். எவ்ளோ நல்ல கழுதைன்னு ஊரே மெச்சிச்சு. அப்புறம் பாலத்தத் தள்ளிக் கட்டினாங்க. கழுதைக்கு மட்டும் யாரும் சொல்லல."

"அப்புறம்?" என்றான் ரூரி.

"பால் கேனெல்லாம் ஆத்துல."

பேருந்து குலுங்கச் சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் ஈமன் கேட்டான்.

"கழுதை?"

ஃபின்டன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அதத்தான் யாரும் கேக்கறதில்ல."

ஒத்திகை முடிந்து மற்றவர்கள் உள்ளே போனார்கள். ஃபின்டன் மட்டும் பந்தோடு நின்றான்.

"கண்ண மூடிட்டு ஒண்ணு போடு."

"எதுக்குடா?"

"பந்து சுத்தற விதமே மாறிப்போச்சு, ஈமன். எறியறதுக்கு முன்னாடி கையப் பாத்துப் பாத்துப் பிடிக்கற. முன்ன பாக்க மாட்ட. போடு."

ஈமன் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணை மூடினான். பந்தின் தையல் எந்த விரலுக்கடியில் இருக்கிறது என்று தேடினான். இருந்தது பந்தா காற்றா என்றே விளங்கவில்லை. எறிந்தான். பந்து ஃபின்டனுக்கு வெகுதூரம் தள்ளி விழுந்து, ஆளற்ற இருக்கைகளை நோக்கித் துள்ளியபடி போயிற்று. இருவரும் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லிடுவியா?"

"கழுத்து உன்னோடது. நான் எதுக்குச் சொல்லணும்?" ஃபின்டன் பந்தை எடுக்கப் போகாமல் உள்ளே நடந்தான்.

ஷானன் ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. கோட்டோரம் நீவ் குனிந்து கட்டுத்துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஈமன் பயப்பட முயன்றான். நாளை ஸ்க்ரம் மறுபடி சரிந்தால் கை முழுவதும் போகலாம். ஓர்லா பார்வையாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்தான், ஒன்றும் தைக்கவில்லை. முதல்முறையாக அதுதான் அவனுக்கு விசித்திரமாகப் பட்டது.

சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நீவிடம் போனான்.

"நீவ், ஊக்கு இருக்கா?"

"இப்பவா? பஸ்ஸு கெளம்பப் போகுது."

"நீ எப்பவும் குத்தற வரிசைய மாத்திக் குத்து. கூரா மொட்டையான்னு கேக்கவும் கேக்காத. குத்தினா நானே சொல்றேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்தாள். ஈமன் கண்ணை மூடி வலக்கையை நீட்டினான். தூரத்தில் பேருந்து உறுமத் தொடங்கியது. தோளிலிருந்த சட்டை காற்றில் கழுத்தை உரசியது. அது நன்றாகத் தெரிந்தது. கையை நீட்டியபடியே நின்றான், அவள் குத்திவிட்டாளா, இன்னும் குத்தவில்லையா என்று தெரியாமல்.