நிக்கல் இல்லாத தூள்

நிக்கல் சேர்க்காத தூள் எழுபத்தொரு மணித்தியாலமாக வேலை செய்துகொண்டிருந்தது. அது வேலை செய்யவே கூடாது.

கரித்தூளில் நிக்கலைத் தனித்தனி அணுக்களாகப் பதித்து மின்சாரம் கொடுத்தால், நாம் மூச்சில் விடும் காபனீரொட்சைட்டை அது காபனோரொட்சைட்டு வாயுவாக மாற்றும். அதிலிருந்து எரிபொருள் செய்யலாம். நிக்கல் இல்லாத வெறுந்தூள் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். அதுவும் அதே வாயுவைத் தந்தால் சுதர்ஷிகாவின் இரண்டு வருட ஆய்வை யாரும் நம்பமாட்டார்கள்.

உதவியாளன் றுவைஸ் தூள் இருந்த போத்தலை மாற்றிவிட்டான் என்றே சுதர்ஷிகா நினைத்தாள். கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து ஆய்வுகூடத்தைத் திறப்பவன் அவன். கேட்டதற்கு, "நிக்கலுக்குக் கால் முளைச்சிருக்கும்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சரியாகப் படவில்லை. யாரோடும் அதிகம் கதைக்காதவள், காலையில் ஆய்வுகூடப் பொறுப்பாளர் ஜெஸ்மின் மிஸ்ஸிடம் போய்ச் சந்தேகத்தைச் சொல்லிவிட்டாள். ஜும்மாத் தொழுகை முடிந்து அவன் வந்ததும் வேலையிலிருந்து நிறுத்துவதாக மிஸ் சொன்னார்.

ஆதாரம் தேடிப் போத்தலை எடுத்தாள். மூடியில் அவள் கையெழுத்திட்டு ஒட்டிய நாடா அப்படியே இருந்தது. மின்சாரம் கொடுக்கும் கலத்துக்குள் தூளை இட்டவளும் அவள்தான். அப்படியென்றால் தூளிலேயே ஏதோ கலந்திருக்கிறது. உலையைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள். கடைசியில், தூள் அரைக்கும் வெள்ளை உரலைத் துறைமுகப் பக்கத்து யன்னலடிக்குக் கொண்டுபோனாள். அடியில் மெல்லிய கறுப்புக் கோடு. சுரண்டிக் காந்தத்தைப் பிடித்தாள். துகள்கள் ஒட்டிக்கொண்டன.

புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மண். அதில் இரும்பு இருக்கிறது. இரும்பணுவும் நிக்கலின் வேலையைச் செய்யும். பார்க்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்த மண்ணைக் காந்தத்தில் ஒட்டிக் காட்டுவது ஆய்வுகூட வழக்கம். ஆனால் இந்த உரலுக்குள் வேறெதுவும் போகக்கூடாது.

றுவைஸ் வந்தான். சுதர்ஷிகா கண்டதைக் கேட்டிருந்த மிஸ் உரலைக் காட்டி, இதற்குள் மண் போட்டது யார் என்று கேட்டார். அவன் உரலையே பார்த்தான். சுதர்ஷிகாவின் பக்கம் திரும்பவில்லை.

"தெரியா மிஸ்."

"வேற ஆர்? சாவி உங்கட கையிலதானே."

அவன் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தான். போன மாதம் பிள்ளைகள் வந்த அன்று அவன் கதவடியில் நின்றது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவன் எல்லாம் பார்த்திருக்கிறான்.

அவள் சாவியை எடுத்து அவனுடைய பக்கம் தள்ளினாள்.

"மிஸ், பிள்ளையளுக்குக் காட்ட அதுக்குள்ள மண் அரைச்சது நான்."