இரண்டு போல்ட் கட்டை

பினாங்கின் ஜார்ஜ்டவுன் சாலைகளுக்குச் சைக்கிள் பாதை வரைவதற்கென்றே எங்கள் அலுவலகத்தில் ஏழு பேர் இருக்கிறோம். ஏழு பேரும் காரில்தான் வருகிறோம். சைக்கிளில் வருகிற ஒரே ஆள் லெட்சுமி அக்கா. எங்கள் மேசைகளைத் துடைப்பவர்.

போன வருடம் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு முன்னால் இரட்டை வரிசையில் காரை நிறுத்தியிருந்த ஒரு மகராசன், பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தான். அக்காவின் தோள் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கழித்து வந்தவர் நேராக என் மேசைக்குத்தான் வந்தார்.

"துளசி, காலைல அஞ்சரைக்கு நம்ம பக்கம் பஸ் கிடையாதும்மா. இன்னொரு தடவ விழுந்தேன்னா சைக்கிளும் போச்சு, வேலையும் போச்சு. வெறும் கோடு போடாத. கோட்டப் பாத்து எவன் நிக்கிறான்? கல்லு வை."

வைக்கிறேன் அக்கா என்று வாக்குக் கொடுத்தேன். பாதைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு சாண் உயரத்துக்குக் கான்கிரீட் தடுப்பு வரைந்து கூட்டத்தில் வைத்தேன். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். அப்போதுதான் சீனியர் தயாளன் தொண்டையைக் கனைத்தார்.

"தைப்பூசத்துக்குத் தேர் வரும்லா. கல்லு இருந்தா தேர் எப்படித் திரும்பும்?"

தேருக்கு எதிராக யார் வாயைத் திறப்பது? நானா? வருடம் தவறாமல் அந்தத் தேருக்கு முன்னால் தேங்காய் உடைக்கிறவள் நான். என் நாக்கில் சனி உட்கார்ந்தது. "கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சிடலாம்" என்றேன்.

ரப்பர் கட்டை, ஒன்றுக்கு இரண்டு போல்ட், கழற்ற மூன்று நிமிடம். கைதட்டினார்கள். மேலாளர் ஸுல்கிஃப்லி வரைபடத்தின் ஓரத்தில் தன் கையாலேயே எழுதினார்: 'தேவைப்பட்டால் எந்த ஊழியரும் கழற்றலாம், மாட்டலாம்.' கீழே கையெழுத்தும் போட்டார்.

நாசி கண்டார் கடைக்கு முன்னால் பன்னிரண்டு கட்டைகளை மாட்டினார்கள். தைப்பூசத்துக்குக் கழற்றினார்கள். தேர் ஜம்மென்று போனது. அடுத்த வாரம் மாட்டலாம் என்றார்கள். அடுத்த வாரம் சீனப் புத்தாண்டுச் சிங்க நடனம் வந்தது. பிறகு மீலாது ஊர்வலம், மாரத்தான் ஓட்டம், யாரோ பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணம். மாட்டுவதற்கு மட்டும் நாள் வரவே இல்லை. பாதையில் வெள்ளைக் கோடு மிச்சம் இருந்தது, அதன் மேல் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு கார்கள் நின்றன.

ஒரு வெள்ளிக்கிழமை லெட்சுமி அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டைக் கை கிழிந்திருந்தது.

"கார் கண்ணாடி இடிச்சிடுச்சு. மக சைக்கிள வித்துடச் சொல்லிட்டா. இந்த மாசத்தோட நின்னுக்கிறேம்மா."

எனக்கு வெட்கமாக இருந்தது. கட்டைகளைத் தேடிக் கிளம்பினேன். வெகுதூரம் போகத் தேவைப்படவில்லை. எங்கள் கார் நிறுத்துமிடத்திலேயே பன்னிரண்டும் இருந்தன, சக்கரம் சுவரில் இடிக்காமல் இருக்கத் தடுப்பாக. முதல் கட்டை மேலாளருக்கு. இரண்டாவது தயாளனுக்கு. ஆறாவது, ஐயோ, எனக்கு. இரண்டு வாரமாக அதில் முட்டித்தான் காரை நிறுத்திக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்திருந்தால்தானே!

"சும்மாதான் கெடந்துச்சு, எடுத்துப் போட்டேன். நல்லாருக்குல்ல?" என்றார் மேலாளர் சிரித்துக்கொண்டே.

எனக்கு வந்த கோபத்துக்கு வாயைத் திறந்திருந்தால் வேலை போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகத்தில் இருந்த ஒரே பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் பிடித்துக்கொள்ள நான் திருகினேன். பன்னிரண்டையும் என் காரில் ஏற்றி, நாசி கண்டார் கடைக்கு முன்னால் பழைய துளைகளிலேயே வரிசையாக மாட்டினோம். கடைசி நான்கையும் அக்காவே மாட்டினார், என்னைவிட வேகமாக.

திங்கட்கிழமை மேலாளரின் கார் சுவரில் டமார் என்று மோதியது.

"எவன் கட்டையத் திருடினது?" என்று கத்திக்கொண்டே வந்தார். நான் வரைபடத்தை விரித்து, ஓரத்தில் இருந்த அவருடைய எழுத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"எந்த ஊழியரும்னா? யாரு மாட்டினது?"

"நானும் லெட்சுமி அக்காவும், பாஸ். அக்காவும் இங்க ஊழியர்தானே."

மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"மறுபடி கழட்டணும்னா என்கிட்ட சொல்லுங்க பாஸ். ஸ்பேனர் என் சைக்கிள் கூடையிலதான் இருக்கு."