முழங்காலுக்குச் சூடு

ஐம்பத்து நாலாம் வருடம் அது. மலையடிவாரத்துக் குரங்கணியில் விடிந்ததும் சுமையாள் எடுப்பார்கள். தலையில் அரிசி மூட்டையோடு குத்தவைத்து, கை ஊன்றாமல் எழுந்தவருக்குத்தான் அன்று மலைமேல் ஏலத் தோட்டத்தில் வேலை. கை ஊன்றினால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். ஆள் எடுக்கும் கங்காணி சுருளிவேல் மகா கறார்ப் பேர்வழி. ஒருநாள் கை ஊன்றியது அவர் மனைவி மாயக்காள்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுருளிவேலுக்கு மானம் போய்விட்டது.

"என்னடி, வேசம் கட்டுறியா?"

"வேசமில்ல மாமா. முட்டிக்குள்ள நறநறன்னு அரைக்குது. ராத்திரி கண்ணே மூடல."

"முட்டியில எண்ணெய் வத்திப் போச்சு. ஒரு சூடு வச்சா சரியாயிரும். ஒச்சப்பா, கம்பியக் காய வையி!"

ஒச்சப்பன் மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே வைத்தியம் செய்கிறவர். டீக்கடை அடுப்பில் கம்பி சிவக்கத் தொடங்கியது. மாயக்காள் முழங்காலைச் சேலையால் மூடிக்கொண்டாள். கம்பி என்ன செய்யும் என்று சுருளிவேலுக்குத் தெரியும். போன வருடம் யாருக்கும் தெரியாமல் ராசிங்காபுரத்தில் போய் முழங்காலில் சூடு வாங்கியவர் அவர். புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று, வலி அப்படியே இருக்கிறது. சூடு பலிக்காது என்று சொன்னால் அந்தக் கதை வெளியே வரும்; முட்டி போனவர் என்று தெரிந்தால் கங்காணி வேலை போய்விடும். அதற்காகக் கட்டியவள் காலைத் தீய்க்கத் துணிந்தாரே, அந்த மனுஷனை என்னவென்று சொல்ல!

அம்மை குத்தப் போடி ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த நர்சு ஜெயபாக்கியம் குறுக்கே வந்தார். மாயக்காளின் முழங்காலை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"அண்ணே, எண்ணெயும் இல்ல, கிண்ணெயும் இல்ல. ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கு. அதுல உள்ள புரதச் சத்து மாறிக் கெட்டுப்போனா மெத்தை தேஞ்சிரும். சுமை தூக்குனா இன்னும் வெரசாத் தேயும். மேல தோலைச் சுட்டா உள்ள தேஞ்சது வளருமா?"

"அப்ப இவ சோலி?"

"தூக்குறத நிறுத்தட்டும். உசரமா உக்காந்து ஏலக்காய் பொறுக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு ஒருதரம் கூட்டிட்டு வாங்க."

அதற்குள் ஒச்சப்பன் கம்பியோடு வந்துவிட்டார். "சூடு ஆறுது கங்காணி. காலைப் பிடிங்க."

மாயக்காள் கண்ணை மூடிக்கொண்டு காலைத் தானே நீட்டினாள். "வையுங்கண்ணே. சோலி போனா கஞ்சிக்கு எங்க போறது?"

சுருளிவேலால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கம்பியைப் பிடுங்கிப் பக்கத்து ஓடையில் எறிந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். முட்டியில் கருகிய தழும்பு தெரிந்தது.

"நானும் சுட்டுக்கிட்டவன்தான். வலி போகல. வேலை போயிருமேன்னு மறைச்சுக்கிட்டு, வலின்னு சொன்னவுகள எல்லாம் சோம்பேறின்னு வெரட்டுனேன். முட்டிவலி நோவுப்பா, வேசமில்ல. மறைச்சாலும் போகாது, சுட்டாலும் போகாது. வைத்தியந்தான் பாக்கணும். வலிக்கிறவுக ஒதுங்கி நில்லுங்க, வேற சோலி தர்றேன். மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வரிசையில் நின்ற தவசி மூட்டையை இறக்கிவிட்டு நொண்டிக்கொண்டே வந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள்.

பதினாறு பேர் வரிசையில் மிஞ்சியது நாலே பேர்.