கடன் கேட்டு வந்த மந்திரி

ஜொசையா டிரஸ்கட் மெழுகுவர்த்தி விற்றுப் பணக்காரரானவர். பணம் வந்தபின் பதவி தானாகத் தேடி வந்தது; அவர் ஊரில் அப்படித்தான். தென்கடலில் உள்ள வெஸ்ட்மியர் என்ற அந்தக் குடியேற்ற நாட்டுக்கு அவர் நிதிமந்திரி. அங்கே இரண்டு வருடமாகச் சண்டை. தங்கள் நிலத்தை வெள்ளைக்காரர்கள் பிடுங்குவதற்கு அந்த மண்ணின் மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் விஷயம். சண்டை போடப் பணம் வேண்டும். கடனுக்கு ஈடாக டிரஸ்கட் லண்டனுக்குக் கொண்டுவந்திருந்தது, இனிமேல்தான் பிடுங்கப்போகிற நிலம். இதைக் கூச்சமில்லாமல் சொல்ல ஒரு தனித் தோல் வேண்டும், அது அவருக்கு இருந்தது.

கடன் பத்து லட்சம் பவுன். நூறு பவுன் பத்திரம் ஒவ்வொன்றையும் தொண்ணூறுக்காவது விற்க வேண்டும். விற்றுவிட்டால் அவருக்கு ‘சர்’ பட்டம் நிச்சயம். விலை குறைந்தால் குறைகிற ஒவ்வொரு பவுனும் அந்த நாட்டுக்காரர்கள் தலையில் வரியாக விழும், மந்திரிசபையும் கவிழும்.

பத்திரத்தை விற்றுத் தருவதாக ஏற்றிருந்த தரகர் ஆக்டேவியஸ் பிராண்ட்ரெத், பத்திரங்களை ஏலம் விடுவதற்கு முந்தைய வாரம் தன் வீட்டில் விருந்து வைத்தார். வாங்கப்போகிறவர்கள் வந்து ஆளை எடைபோட்டுப் பார்ப்பதற்காக வைக்கப்படும் விருந்து அது. டிரஸ்கட்டோ தனக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஆமை சூப்பை உறிஞ்சி முடித்ததும் பேச ஆரம்பித்தார்.

“சண்டையா? அதெல்லாம் பத்திரிகைக்காரன் கிளப்பி விடுறதுங்க. ராத்திரி கதவைத் திறந்து போட்டுத் தூங்குறோம். போட்ட பணத்துக்கு நான் பொறுப்பு.”

“ரொம்ப சந்தோஷம், மந்திரி ஐயா” என்றார் பிராண்ட்ரெத். நாற்காலிகள் மேசைக்கு நெருங்கி வந்தன. தொண்ணூறென்ன, தொண்ணூற்றிரண்டுக்கே போகும் என்று டிரஸ்கட் மனக்கணக்குப் போட்டார்.

அந்த நேரம் பார்த்து பிராண்ட்ரெத்தின் மனைவி, டிரஸ்கட்டின் மனைவி ஹென்ரியட்டாவிடம் சாதாரணமாகக் கேட்டாள்: “எப்பம்மா ஊருக்குத் திரும்புறீங்க?”

“திரும்பி எங்கங்க போறது? அங்க வீட்டை வித்தாச்சு. இங்க கிளாப்ஹாம்ல ஏழு வருஷக் குத்தகைக்கு வீடு எடுத்திருக்கோம். பசங்களைப் பள்ளிக்கூடத்துலயும் சேர்த்தாச்சு. பியானோவைக்கூட கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்துட்டோம்.”

“வீடு நல்ல விலைக்குப் போச்சா?” என்று எதிரே இருந்த ஒரு கிழவர் கேட்டார்.

“நாலாயிரம் பவுன். இங்கேயே, இங்கிலாந்து மகாராணி அரசாங்கப் பத்திரத்துல போட்டு வச்சிருக்கோம். வட்டி கொஞ்சந்தான், ஆனா நிம்மதியாத் தூங்கலாம்னு இவர்தான் சொன்னார்.”

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த ஊரில் கொஞ்சம் காசு சேர்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். முப்பது வருடம் அங்கே தின்று கொழுத்தாலும் ‘நம்ம ஊர்’ என்று அவர்கள் சொல்வது இங்கிலாந்தைத்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? டிரஸ்கட்டுக்கே அது மறைக்க வேண்டிய விஷயம் என்று அதுவரை தோன்றியதில்லை. இப்போது தோன்றியது. மேசையில் பேச்சு குதிரைப் பந்தயத்துக்கு மாறிவிட்டது.

ஏல நாளன்று வங்கி அறையில் ஒட்டிய உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விலையை வாசித்தார்கள். எழுபத்தாறு. எழுபத்தைந்து. அதிகபட்சம் எழுபத்தொன்பது. கடைசியில், இதற்குக் கீழே விற்பதில்லை என்று டிரஸ்கட் முன்பே எழுதி ஒட்டிக் கொடுத்திருந்த உறையைப் பிரித்து, குறைந்தபட்ச விலை தொண்ணூறு என்று வாசித்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பிராண்ட்ரெத் அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்.

“ஒரு வழி இருக்கு. உங்க நாலாயிரத்தை எடுத்து இந்தக் கடன்ல போடுங்க. மந்திரியே தன் சொந்தப் பணத்தைப் போட்டிருக்கார்னு நான் வெளிய போய்ச் சொல்றேன். மிச்சத்தை எண்பத்தெட்டுக்கு நாங்க எடுத்துக்கறோம். உங்க மந்திரிசபையும் தப்பிச்சிரும்.”

“என் பணத்தையா?”

“போட்ட பணத்துக்கு நான் பொறுப்புன்னீங்களே.”

“பிள்ளைங்க படிப்பு இருக்குங்க. பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேக்கணும்.”

“கேளுங்க. வண்டி அனுப்பறேன். அரை மணியில வந்துடுவாங்க.”

டிரஸ்கட் வண்டி அனுப்பச் சொல்லவில்லை. கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பட்டத்தை நினைத்தார், அதற்காக ஒரு கணம் உண்மையாகவே வருந்தினார். அந்த நாட்டை நினைத்தாரா என்று கேட்டால், இல்லை. நிலமும் அடுத்தவன் நிலம், வரியும் அடுத்தவன் வரி. நாலாயிரம் மட்டும்தான் அவருடையது.

“எழுபத்தொன்பதுக்கே முடிச்சிருங்க” என்றார்.

பிராண்ட்ரெத் அவரை மேலும் கீழும் பார்த்தார். எத்தனையோ கடன்காரர்களைப் பார்த்தவருக்கே அன்று அருவருப்பாக இருந்தது. இருந்தும் தன் தரகை ஒரு பென்னிகூட விடவில்லை. “ஊருக்கு என்ன எழுதப்போறீங்க?”

“சந்தை சரியில்லைன்னு.”

எண்பத்தெட்டுக்கும் எழுபத்தொன்பதுக்கும் நடுவில் தொண்ணூறாயிரம் பவுன். டிரஸ்கட் கையெழுத்தைப் போட்டு, மை காய ஊதினார். வெளியே வந்து கிளாப்ஹாமுக்கு வண்டி பேசினார். வண்டிக்காரன் கேட்ட கூலியில் ஆறு பென்னி குறைத்தால்தான் ஏறுவேன் என்று நடுத்தெருவில் நின்றார். அவன் குறைத்துக்கொண்டான். அன்று அவர் பிடிவாதமாகப் பேரம் பேசியது அந்த ஆறு பென்னிக்கு மட்டும்தான்.