முப்பத்தேழு பாகை

காத்தான்குடிச் சாரன் வியாபாரிகள் இடுப்பில் கட்டும் அகலமான தோல் வாரின் பைகளில் மூக்குக்கண்ணாடியும் சில்லறையும் இருக்கும். ஆய்வு மாணவன் முனாப் கட்டியிருந்த, வாப்பாவின் பழைய வாரில் எட்டுக் கண்ணாடிக் குழாய்கள் இருந்தன.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, சண்டைக்காலம். வாவிக்கரைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் மின்சாரம் நின்று ஐந்து மாதம். கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டியில் பல்லிகள் குடும்பம் நடத்தின. குடற்கிருமிக்கு மனித உடம்பின் சூடு போதும் என்று குழாய்களை வயிற்றோடு கட்டிக்கொண்டான். முதல்நாள் வெப்பமானியை இடுப்பில் செருகிப் பார்த்து, 'முப்பத்தேழு பாகை' என்று எழுதினான். பிறகு பார்க்கவில்லை.

அந்தக் கிருமிக்குள் ஒரு மரபணு இன்னொன்றின் கடைக்கதவைப் பூட்டிக் காவல் நிற்கும். பாற்சீனி என்ற சரக்கு வந்தால்தான் கடை திறக்கும். எவ்வளவு திறந்தது என்பதைக் கடைசியில் விடும் மருந்தில் ஏறும் மஞ்சள் நிறம் சொல்லும். முனாபிடம் இருந்த காவல் மரபணு கொஞ்சம் பழுதானது. சூடு கூடினால் பிடி தளரும்.

அந்த மருந்தில் மிச்சம் கடைசிச் சிட்டிகை. லண்டன் போய்விட்ட பேராசிரியர் மாதமுடிவுக்குள் அளவுகளைக் கேட்டிருந்தார். அனுப்பினால் அங்கே மேற்படிப்புக்கு இடம் உண்டு. கூட இருந்தவர்கள் எப்போதோ கிளம்பிவிட்டார்கள். பாதை மூடியதால் மூன்று மாதமாக வீட்டுக்கும் போகவில்லை. பேச்சுத்துணைக்குக் குழாய்கள்தான்.

நாலு குழாய்களில் மட்டும் பாற்சீனி போட்டு, நாலு மணித்தியாலம் கழித்து எட்டிலும் மருந்தை விட்டான். சீனி போட்ட நாலும் மஞ்சள். சீனி போடாத நாலும் மஞ்சள்.

"சரக்கே வராம எப்பிடிடா கடை திறந்தீங்க?" என்று குழாய்களைத் திட்டினான்.

தேநீரோடு வந்த வாயிற்காவலர் நல்லரத்தினம் சிரித்தார். "என்ன தம்பி, குழாயோட சண்டையா? பொஞ்சாதி வந்தா அவட பாடு என்னவோ!"

"பகிடி விடாதீங்க அண்ணன். எல்லாம் பாழ்."

கோப்பையை நீட்டுகையில் விரல் பட்டது. நல்லரத்தினம் திடுக்கிட்டு அவன் நெற்றியில் கைவைத்தார்.

"ஐயோ தம்பி, உடம்பு கொதிக்குது! எத்தின நாளா?"

முனாபுக்குத் தெரியவில்லை. நடுக்கத்தைப் பசி என்று நினைத்திருந்தான். தன் நெற்றியைத் தானே தொட்டாலும் கையிலும் அதே சூடுதானே. காவல் மரபணுவின் பிடியைத் தளர்த்தியது அவன் காய்ச்சல்.

மருந்தும் முடிந்தது, லண்டனும் முடிந்தது.

"கொத்தமல்லி அவிச்சித் தாறன். குடிச்சிட்டு மறுகா ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று கையை எடுக்கப்போனார்.

"அவசரமில்ல அண்ணன்" என்றான் முனாப். "கொஞ்ச நேரம் கையை அப்பிடியே வைங்க."